உள் தையல்

குளிப்பாட்டுவதற்காக அப்பாவை ஒருக்களித்துப் பிடித்தபோது முதுகில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி தெரிந்தது. தண்ணீர் ஊற்றப் போன அத்தை, அவருடைய தங்கை, சொம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏனுங்க அண்ணி, தையலு பிரிக்கவே இல்லீங்களா?"

காலையில் அப்பாவின் மூச்சு நின்றதிலிருந்து மகள் பிரியாவிடம் அம்மா தெய்வாத்தாள் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தவர்களிடம் மட்டும், "கத்தி படற வரைக்கும் நல்லாத்தானுங்க இருந்தாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதையெல்லாம் அம்மா எங்கே கேட்கப் போகிறாள்.

கத்தி பிரியாவினுடையது. கோயம்புத்தூரில் தோல் அறுவை சிகிச்சை டாக்டர். பதினோரு நாளைக்கு முன்பு, அப்பாவின் முதுகில் கறுத்துத் தடித்திருந்த மச்சத்தைச் சுற்றிலும் தோலோடு வெட்டி எடுத்தாள். வேறு டாக்டரிடம் காட்டலாம் என்றுதான் முதலில் சொன்னாள். "பெத்த புள்ள இருக்கறப்ப வேறொருத்தன் எதுக்கு கண்ணு" என்று அப்பா அப்புசாமி குப்புறப் படுத்துக்கொண்டார்.

"முடிச்சோட அனுப்பக் கூடாதுங்க," என்றாள் அத்தை. "இடுப்புல கட்டுன அரணாக்கயித்தயே அறுத்துப்போட்டுத்தான அனுப்பறோம்."

அத்தை திரும்பிப் பார்த்ததும் நாவிதர் வேலன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "சவரம் பண்ணச் சொன்னாப் பண்றனுங்க. இதுக்குத்தான் டாக்டரம்மா இருக்காங்கல்லங்க."

எல்லோரும் பிரியாவைப் பார்த்தார்கள். அம்மா முதுகைப் பார்த்தாள்.

முதுகுத் தோல் சும்மா கிடக்காது. குனிந்தாலும் கையைத் தூக்கினாலும் காயத்தை இரண்டு பக்கமும் இழுக்கும். அதனால் பதினான்கு நாளாவது ஆகாமல் அங்கே தையலைப் பிரிப்பதில்லை. இப்போது பிரித்து, அம்மாவின் கண்ணெதிரே காயம் வாய் பிளந்துவிட்டால், ஆஸ்பத்திரிக் காகிதம் ஒன்றுக்கும் உதவாது. பிரியாவுக்கு அழுகை வரவில்லை. இந்தப் பயம்தான் வந்தது. அதை நினைத்து வெட்கமாக இருந்தது.

காரிலிருந்து பையை எடுத்து வந்தாள். பழக்கதோஷத்தில் கையுறை போட்டுக்கொண்டு பிளாஸ்திரியை உரித்தாள். முடிச்சைச் சிறு இடுக்கியால் தூக்கி, ஒரு பக்க நூலை வெட்டி, மெல்ல உருவினாள். எல்லாம் காயத்திலிருந்து தள்ளி ஒருமுறை, அதன் ஓரத்தை ஒட்டி ஒருமுறை என்று ஊசி ஏற்றிப் போட்ட தையல்கள். ஒன்பது தையல்களும் வந்துவிட்டன.

காயம் பிளக்கவில்லை.

அம்மா குனிந்து அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டினாள். மேலிருந்து கீழ்வரை, அவசரமே இல்லாமல்.

"உள்ளுக்குள்ள ஒண்ணும் இல்லீல்ல அம்மணி?" என்று கேட்டாள் அத்தை.

இருந்தது. இழுவையைத் தாங்குவதே அதுதான். மேல் தையலுக்கு முன்பே தோலுக்கு அடியில் ஆறு முடிச்சுப் போட்டு, இரண்டு பக்கத்தையும் சேர்த்திருந்தாள். அவை தானாகக் கரைய ஐந்தாறு மாதம் ஆகும்.

"இல்லீங்கத்தை," என்றாள் பிரியா.

அம்மா சொம்பை எடுத்தாள். ஊற்றப் போய் நிறுத்தினாள். காலையிலிருந்து முதல் தடவையாக மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"தண்ணி படலாமா கண்ணு?"

"படலாங்கம்மா."

அம்மா தோளில் ஊற்றினாள். இன்னொரு கையால் அந்தக் கோட்டைப் பொத்திக்கொண்டாள்.