குறைப் பலகை

கிளிஃபர்டுக்குப் பொய் வராது. கல்யாணமான புதிதில் என் அம்மா ஆசையாக மீன் குழம்பு வைத்துப் பரிமாறியபோது, "புளி தூக்கல்" என்று அம்மா முகத்துக்கு நேரே சொன்ன மனுஷன். ஊரில் இதற்கு நேர்மை என்று பெயர். கூடவே குடித்தனம் நடத்துகிற எனக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

நாங்கள் இருவரும் சேர்ந்து, மயிலாப்பூர் கச்சேரி ரோட்டு வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்த மென்பொருளின் பெயர் 'கூடம்'. நிரல் எழுதத் தெரியாதவர்களும் அதை வைத்துச் சொந்தமாக இணையதளம் நடத்தலாம். காசு கிடையாது. நிரல் திறந்தே கிடக்கும்; யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். எங்கள் பங்குக் கோவிலின் செய்திமடலுக்காக ஆரம்பித்தது, பள்ளிக்கூடம், ஜமாஅத், சிற்றிதழ் என்று பரவியது. முகம் தெரியாத ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து கைகொடுத்தார்கள்.

கூடத்துக்கு கிளிஃபர்ட் இரண்டு சட்டம் வைத்திருந்தார். ஒன்று, பிறருடைய தளத்துக்குள் நாம் கை வைக்கக் கூடாது. புதிய பதிப்பு வந்தால் அறிவிப்போம். போட்டுக்கொள்வது அவரவர் விருப்பம். இன்னொன்று, கோளாறு தெரிந்தால் உடனே குறைப் பலகையில் எழுதிவிட வேண்டும். அது எல்லோரும் படிக்கிற பொதுப்பக்கம். அதில் ஒன்று எழுதினால் கூடத்தில் சேர்ந்த அத்தனை பேருக்கும் மின்னஞ்சல் போய்விடும்.

"கோவில்ல கல்யாண ஓலை வாசிக்கறாங்கல்ல, அது மாதிரி ஜொவி" என்பார் என்னிடம். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று ஞாயிறு பூசையில் சபை நடுவே வாசிப்பார்களே, அதைச் சொல்கிறார். "ஊரறியச் சொன்னாத்தான் தப்பு வெளிய வரும்."

அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். பூசை முடிந்து வந்து நான் வஞ்சிரம் பொரித்துக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. குறைப் பலகையில் புதிய குறிப்பு, எழுதியவர் என் வீட்டுக்காரர். கூடத்தில் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பக்கத்தைக்கூட, இணைய முகவரியின் கடைசியில் ஒரு சொல்லைச் சேர்த்தால் திறந்துவிடலாம். அந்தச் சொல் எது, எங்கே சேர்க்க வேண்டும் என்பதையும் தெளிவான தமிழில் எழுதியிருந்தார்.

கரண்டியோடு மாடிக்கு ஓடினேன்.

"யோவ், உனக்கு அறிவிருக்கா? சரிபண்ணிட்டு எழுதக் கூடாதா? பூட்டு உடைஞ்சு கெடக்குன்னு தெருவுல கூவுவாங்களா?"

"எல்லாரும் உஷாரா இருப்பாங்கல்ல ஜொவி. சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணிடுவேன்."

நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது திரையில் அந்தக் குறிப்புக்குக் கீழே 'லைக்' போட்ட கட்டைவிரல் ஒன்று முளைத்தது. பக்கத்தில் பெயர்: காஷிஃப்.

காஷிஃப் அடையாறில் இருக்கிறவன். ஆரம்ப காலத்தில் எங்களோடு உட்கார்ந்து நிரல் எழுதியவன். எங்கள் மேசையில் எத்தனையோ முறை சாப்பிட்டவன். அவன் மனைவி சாய்மாவும் கூட வருவாள். ஒருநாள் அவள் கையில் மாவுக்கட்டோடு வந்தாள். வழுக்கி விழுந்தேன் அக்கா என்றாள். அடுத்த முறை வந்தபோது வழுக்கி விழவில்லை என்று சொல்லிவிட்டாள். நான்தான் அவளை ஷாகிராவிடம் கொண்டுபோய் விட்டேன்.

ஷாகிரா, இப்படி வீட்டைவிட்டு வந்த பெண்களுக்குக் கே.கே. நகரில் ஓர் அமைப்பு நடத்துகிறாள். காஷிஃப் அந்த வாசலில் போய் நின்று கத்திப் பார்த்தான். சாய்மாவை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் ஷாகிராவின் தளம் ஓடுவது கூடத்தில், அது அவனுக்கும் தெரியும். நான்தான் அமைத்துக் கொடுத்தேன். மருந்தும் மளிகையும் கொண்டுபோகும் தொண்டர்களுக்காக, எந்தப் பெண் எந்த வீட்டில் என்று அதில் பூட்டிய பக்கம் ஒன்று உண்டு.

அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொன்னதும் கிளிஃபர்ட் கணினிப் பக்கம் பாய்ந்தார். குறிப்பை அழித்தார். அழித்து என்ன? மின்னஞ்சல் போயாகிவிட்டது. அந்தத் தளத்தை மூடவும் எங்களால் முடியாது, சாவி ஷாகிராவிடம். நாங்கள்தான் அடுத்தவர் தளத்தில் கை வைக்காத புண்ணியவான்களாயிற்றே. ஷாகிராவுக்குப் போன் போட்டோம். அடித்துக்கொண்டே இருந்தது. ஏதோ கல்யாண வீட்டில் பைக்குள் கிடந்து கத்தியிருக்கும்.

சாய்மாவை எச்சரிக்கலாம் என்றால் அவளிடம் போன் இல்லை, எங்கே இருக்கிறாள் என்றும் எங்களுக்குத் தெரியாது. அதை அறிய ஒரே வழிதான் இருந்தது. கணினி முன்னால் உட்கார்ந்து, என் புருஷன் எழுதிய அந்தச் சொல்லைச் சேர்த்துத் தட்டினேன். பக்கம் திறந்துகொண்டது. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறைக்கு மேல் மாடி. அடுப்பில் மீன் கருகும் வாடை மேலே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காஷிஃபுக்கும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்.

ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். பின்னால் உட்கார்ந்து கிளிஃபர்ட் போனில் போலீஸுக்குச் சொன்னார், ஆளனுப்புகிறோம் என்றார்கள். லஸ்ஸில் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டு, எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் திருப்பிவிட்டார்கள். அடையாறிலிருந்து வருகிறவனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. நான் கண்ணில் பட்டவர்களை எல்லாம் திட்டிக்கொண்டே ஓட்டினேன். நடுநடுவே மாதாவே, மாதாவே என்றும் சொன்னேன்.

பட்டறைத் தெரு ஞாயிறு என்பதால் வெறிச்சோடிக் கிடந்தது. மாடிக்கு ஒரே படிக்கட்டு. கதவைத் தட்டியதும் வயதான அம்மாள் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஹாஜிரா பீ.

"சாய்மா இருக்காளாம்மா?"

"அப்டி யாரும் இங்க இல்லியே. நீ இன்னா, வூடு மாறி வந்துட்டியா?"

என் குரல் கேட்டு சாய்மாவே பின்னாலிருந்து வந்தாள். விஷயத்தைச் சொல்லச் சொல்ல, அவள் அழவில்லை. கொடியில் கிடந்த துணிகளை உருவிப் பைக்குள் திணிக்க ஆரம்பித்தாள். அதற்குள் கீழே பைக் வந்து நின்றது.

"அவர் வண்டிதான் அக்கா" என்றாள். சத்தத்தை வைத்தே தெரிந்திருக்கிறது அவளுக்கு.

ஹாஜிரா பீ அவளைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். நாங்கள் வாசலை மறித்து நின்றோம். காஷிஃப் நிதானமாகப் படியேறி வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, சிரித்த முகம்.

"அண்ணா! நீங்களா? உங்க குறிப்பைப் படிச்சுட்டுத்தான் வரேன். தெளிவா எழுதியிருந்தீங்க."

"இங்க யாரும் இல்ல, நைனா. கெளம்பு" என்றாள் ஹாஜிரா பீ.

அவன் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்தம்மா சொன்னா நம்பமாட்டேன். அக்கா, நீங்க சொன்னாலும் நம்பமாட்டேன். கிளிஃபர்ட் அண்ணா சொல்லட்டும். சாய்மா உள்ள இருக்காளா?"

எனக்குக் கதை முடிந்துவிட்டது என்றே பட்டது. கிளிஃபர்டின் முகத்தைப் பார்த்தேன். குழம்பில் புளி தூக்கல் என்று சொல்வதற்கு முன் இருந்த அதே முகம். அவரை அந்தப் படியிலிருந்து கீழே தள்ளிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"இல்ல, காஷிஃப்" என்றார். "நாங்களும் அவ இங்க இருப்பாளோன்னு பயந்துதான் ஓடி வந்தோம். அது பழைய பக்கம்ப்பா. போன மாசமே எல்லாரையும் வேற எடத்துக்கு மாத்திட்டாங்க. பக்கத்தைத் திருத்தாம விட்டுட்டாங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

காஷிஃப் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தோளைத் தளர்த்திக்கொண்டு, "நீங்க சொன்னா சரிதான் அண்ணா" என்று சொல்லி இறங்கிப் போனான். பைக் சத்தம் தெருமுனை தாண்டும்வரை யாரும் வாசலைவிட்டு நகரவில்லை.

கிளிஃபர்ட் செருப்புகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சாய்மா வெளியே வந்து அவரைப் பார்த்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன்.

"இந்த வீட்டுலதான் அண்ணா, பயமில்லாம தூங்கப் பழகியிருந்தேன்" என்றாள்.

அப்புறம் போலீஸும் வந்தது, தவறிய அழைப்புகளைப் பார்த்துவிட்டு ஷாகிராவும் வந்தாள். ஷாகிரா தளத்தை மூடினாள், சாய்மாவை ஆட்டோவில் ஏற்றினாள். எங்கே போகிறார்கள் என்று எங்களிடம் சொல்லவில்லை. கேட்கிற யோக்கியதை எங்களுக்கும் இல்லை.

சாயங்காலம் கிளிஃபர்ட் ஓட்டையை அடைத்துப் புதிய பதிப்பை வெளியிட்டார். இனி இப்படிப்பட்ட ஓட்டைகளைப் பொதுவில் எழுதாமல் எங்களுக்குத் தனியே அனுப்புங்கள் என்று குறைப் பலகையில் எழுதிச் சட்டத்தை மாற்றினார். அதற்குக் கீழே முதலில் வந்தது காஷிஃபின் பதில்தான்: 'நன்றி அண்ணா. உங்களை மாதிரி பொய் சொல்லத் தெரியாதவங்க இருக்கறதாலதான் கூடத்தை நம்பறேன்.'

கிளிஃபர்ட் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். விசைப்பலகையில் விரலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். நான் பின்னால் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். குறைப் பலகை ஆரம்பித்த நாளிலிருந்து முதல் தடவையாக, தனக்குத் தெரிந்த உண்மையை அவர் அதில் எழுதாமல் கணினியை மூடினார்.