பதினெட்டு சதவீதப் பச்சை

எங்கள் நகரத் திட்ட அலுவலகத்தின் தலைமை அதிகாரிக்கு முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர் சதவீதம். வீட்டில் சௌக்கியமா என்று கேட்டால்கூட எண்பது சதவீதம் பரவாயில்லை என்பார். நான் அங்கே வரைபடம் போடுகிறவள். அவர் சொல்கிற சதவீதத்துக்கு நிறம் தீட்டுவது என் வேலை.

இந்த முறை அவர் கண் விழுந்தது பழைய பஸ் பணிமனைக்குப் பின்னால் மரமும் புதருமாகக் கிடக்கும் மைதானத்தின் மேல். மேற்குக் காற்று அதன் வழியாகத்தான் என் அண்ணி இருக்கும் தெருவுக்குள் நுழைகிறது. தெருவின் மறுமுனையில் நெடுஞ்சாலை. பகலெல்லாம் லாரிப் புகை வந்து கவியும். காற்று அதை அள்ளிக்கொண்டு போவதால்தான் அங்கே மனிதர்கள் பிழைத்துக் கிடக்கிறார்கள். அந்த மைதானத்தின் குறுக்கே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, பதினான்கு மாடி எழுப்புவதுதான் திட்டம்.

மரமெல்லாம் போய்விடுமே என்றேன். மொட்டைமாடித் தோட்டம், வாசல் புல், பால்கனித் தொட்டி எல்லாவற்றையும் கூட்டிப் பார் என்றார். கூட்டினேன். அந்தப் பகுதியில் பதினாறு சதவீதமாக இருந்த பச்சை பதினெட்டாக ஏறியிருந்தது. கணக்கில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். எங்கள் அலுவலகத்தில் பச்சையைக் கூட்டித்தான் பழக்கம். அது எங்கே இருக்கிறது, சேர்ந்தாற்போல் இருக்கிறதா, துண்டு துண்டாகக் கிடக்கிறதா என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

"ஒரு போர்வையைக் கைக்குட்டை கைக்குட்டையா வெட்டினாலும் துணி அதே அளவுதான் சார். போர்த்திக்க முடியுமா?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு, உன் அண்ணிக்கு மூச்சிரைப்பாமே என்று அக்கறையாக விசாரித்தார். புதுக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் அவர்களுக்கு ஒரு வீடு ஒதுக்கிவிடலாம், அவ்வளவு உயரத்தில் தூசி குறைவு என்றார். வழக்கம்போல நான் படத்தைப் பச்சையாகப் போட்டுப் பொதுமக்கள் கூட்டத்தில் விளக்கிவிட்டால் போதுமாம்.

காறித் துப்பியிருக்க வேண்டும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போன வாரம் அண்ணி தையல் மெஷின் மேலேயே கவிழ்ந்து மூச்சுக்குத் தவித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். நேரே அவர்கள் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அண்ணனுக்கு வாயெல்லாம் பல். எந்தப் பக்கம் ஜன்னல் வரும் என்று கேட்கத் தொடங்கிவிட்டார். அண்ணி யாருடைய சட்டைக்கோ பித்தான் வைத்துக்கொண்டிருந்தார். நூலைக் கடித்து அறுத்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"பக்கத்து வீட்டுக்காரங்க மூச்சை அடைக்கிற சுவரு. அதுமேலயே ஏறி உக்காந்து நான் நல்லா மூச்சு விடணுமா? நான் ஏன்டி போகணும்? புகை போகட்டும்."

அண்ணன் ஏதோ முணுமுணுத்தார். அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, தைரியமாகவும் இருந்தது.

கூட்டத்துக்கு நான் வேறு படம் கொண்டுபோனேன். பச்சையைத் தொடவே இல்லை. தெருத் தெருவாக அளந்த நுண்தூசியைச் சிவப்பில் போட்டிருந்தேன், மைதானம் இருந்தால் எப்படி, கட்டடம் வந்தால் எப்படி என்று கணக்கிட்டு இரண்டாக. இரண்டாவது படத்தில் அண்ணியின் தெருவும் அதையொட்டிய தெருக்களும் அடிபட்ட இடம் மாதிரி கன்றிச் சிவந்து கிடந்தன. காற்று எங்கே முட்டி நிற்கும் என்று விரல் வைத்துக் காட்டினேன். வேலை போகும் என்று தெரியும். போனால் போகட்டும் என்றிருந்தது.

சதவீதத்தின் முகம் கறுத்தது. மைக்கை வாங்கி, இவருடைய குடும்பமே அந்தத் தெருவில்தான் இருக்கிறது, சொந்த லாபத்துக்குப் பேசுகிறார், இந்தப் படம் செல்லாது என்று அறிவித்தார். என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"ஆமா சார், எங்க அண்ணி அங்கதான் இருக்காங்க. ஒன்பதாவது மாடியில வீடு தர்றேன்னு நீங்க சொன்னதும் அவங்களுக்குத்தான். அவங்க வேண்டாம்னுட்டாங்க."

அரங்கில் சலசலப்பு எழுந்தது. அண்ணி எழுந்து நின்றார். பேச வாயெடுத்தார், இரைப்பு விடவில்லை. முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அண்ணன் அவர் தோளைத் தாங்கியபடி எழுந்தார். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசி அறியாத மனிதர்.

"அவ பேச முடியாம நிக்கிறா பாருங்க, அதுக்குத்தான் எங்க தெருவே வந்திருக்கு. நாங்க எங்கயும் போறதா இல்லை."

கூட்டம் முடிந்தது, எல்லோரும் கலையலாம் என்றார் சதவீதம். ஒருவரும் கலையவில்லை.