டீசலான் சாக வேண்டிய ஞாயிறு

"இந்த ஞாயித்துக்கிழமையாவது அவன கொன்னுடுவியா, மாட்டியா?"

கோபிநாத் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டார். திரையில் ஒரு முந்தானை யானை கட்டம் கட்டமாகப் பிரிந்து கிடந்தது. பட்டுப்புடவைகளுக்கு டிசைன் போட்டு, தறிக்கான அட்டை குத்திக் கொடுக்கும் கடை அது. ஆரணி பஜாரில், மாடியில். எதிர் மேசையில் லாவண்யா.

"தும்பிக்கை ரெண்டு கட்டம் கோணலா போவுது. அத பாருங்கண்ணா."

"பேச்ச மாத்தாத. களம்பூர்ல எங்க தெருவே கேட்டுகினு கீது. போன வாரம் கல்யாண மண்டபத்த இடிச்சான். இந்த வாரம் ஸ்கூல் வேன். உங்காளு வந்து நூலால கட்டறான், அவன் அத்துகினு ஓடறான். மறுபடி கட்டறான், மறுபடி ஓடறான். அந்த வேன்ல இருந்த பசங்களுக்கு யாரும்மா பொறுப்பு? டீசலானா, அவன கொல்லாம விட்ட உங்காளா?"

"வேன்ல யாரும் சாவலியே. நான்தானே வரைஞ்சேன்."

"அது உன் நல்ல மனசு. நெஜத்துல செத்திருப்பாங்க."

சொன்ன பிறகுதான் கோபிநாத்துக்கு உறைத்தது. "டீ சொல்லட்டுமா?" என்று எழுந்து போய்விட்டார்.

நெஜத்தில் செத்தது ஒருவன். லாவண்யாவின் அண்ணன் சதீஷ். இரண்டு வருஷத்துக்கு முன்னால், களம்பூர் ரோட்டில், விடிகாலையில், நெல் லாரி இடித்து. லாரி நிற்கவில்லை. அரை மணி நேரம் கழித்துப் பால்காரர் ஒருவர் பார்த்தபோது மூச்சு இருந்ததாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் போய்விட்டது.

நாடா வீரன் அதற்கு முன்பே பிறந்தவன். அண்ணனும் தங்கையும் சேர்ந்து உண்டாக்கியது. சதீஷ் கதை சொல்வான், லாவண்யா வரைவாள், ஞாயிறு தவறாமல் வாட்ஸப் குரூப்பில் படக்கதையாகப் போடுவார்கள். பகலெல்லாம் தறியில் உட்கார்ந்திருக்கும் ஒரு சாதாரண நெசவாளி. ஆபத்து என்றால், தறியில் குறுக்கு நூலை ஓட்டும் நாடாவை எடுத்து வீசுவான். அதிலிருந்து பட்டு நூல் பாய்ந்து போய்க் கெட்டவனைக் கட்டிவிடும்.

"கட்டி?" என்று அப்போதே லாவண்யா கேட்டிருக்கிறாள்.

"கட்டி போலீசுல குடுப்பான்."

"கொல்ல மாட்டானா?"

"மாட்டான். கொல்றதுக்கு ஊர்ல ஆளா இல்ல? அதுக்கு எதுக்குடி ஒரு வீரன்? எந்தக் குடிகாரனும் பண்ணுவான்."

"ரொம்பக் கெட்டவனா இருந்தா?"

"ரொம்ப இறுக்கிக் கட்டுவான். போதுமா? வரை."

டீசலானை மட்டும் சதீஷுக்குத் தெரியாது. அவன் செத்த பிறகு லாவண்யா தனியாக உண்டாக்கிய அரக்கன். பீப்பாய் பீப்பாயாக டீசல் குடிப்பான், குடித்துவிட்டு ஊரில் உருண்டு வருவான், எதிரில் வந்தவர்கள் மேல் ஏறிப் போவான். இடது புருவத்தை இரண்டாகப் பிளக்கும் ஒரு தழும்பு அவனுக்கு உண்டு. கோர்ட்டில் பார்த்த லாரி டிரைவர் சின்னக்கண்ணுவின் புருவத் தழும்பு அது. தெரிந்தேதான் வரைந்தாள்.

*

முள்ளிப்பட்டில், வீட்டில், ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சடங்கு. அம்மா பரிமளா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள். எழுத்து பொடியாக இருக்கிறது என்று லாவண்யாவையே வாய்விட்டுப் படிக்கச் சொல்வாள். டீசலான் வரும் கட்டம் வந்ததும் போனை வாங்கி விரலால் பெரிதாக்கி, அந்தப் புருவத்தைப் பார்த்துத் திட்டுவாள்.

"உன் கை அழுவ. உன் கால் வெளங்காம போவ."

திட்டி முடித்த பிறகுதான் சோறு இறங்கும். மற்ற ஆறு நாளும் இரண்டு வாய்தான்.

வேன் வந்த ஞாயிறு அவள் திட்டவில்லை. போனைக் கீழே வைத்தாள்.

"மறுபடியும் ஏண்டி விட்ட?"

"அவன் ஓடிட்டான்மா."

"நீ ஓட விட்ட. கோர்ட்டுதான் வாய்தா வாய்தான்னு தள்ளுது. உன் படத்துல யாருடி ஜட்ஜு? நீதானே?"

"அண்ணன் வேணாம்னு சொன்னானேம்மா."

"அவன் போயிட்டான். போனவன் பேச்ச கேட்டுகினு, இருக்கறவள சாவடிக்காத."

உள்ளே தறிச் சத்தம் நின்றது. அப்பா சம்பந்தத்தின் குரல் மட்டும் வந்தது: "படத்துல இருக்கறவன கொன்னா எந்த போலீஸ் வந்து புடிக்கப் போவுது? கொன்னுட்டு சோத்த போடுங்கம்மா. பசிக்குது."

லாவண்யாவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை.

"அடுத்த வாரம் கொன்னுடறேன்மா."

"என் தலையில அடிச்சு சொல்லு."

தலையில் அடித்துச் சொன்னாள்.

*

வியாழக்கிழமை காலை, சம்பந்தத்தின் பாவு தெருவில் கிடந்தது. அடுத்த மூன்று புடவைக்கான நீள நூல் மொத்தமும் இடுப்பு உயரத்தில், தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இழுத்துக் கட்டியிருந்தது. கஞ்சித் தண்ணீர் தெளித்து, அது காய்வதற்குள் மேற்கே கறுத்துவிட்டது.

"பாவு! பாவு! ஜல்தி வாங்க!"

அந்தக் கூப்பாடு கேட்டால் எவர் வீட்டுப் பாவு என்று அந்தத் தெருவில் பார்ப்பதில்லை. முகம் கொடுத்துப் பேசாதவர்களும் ஓடி வந்து, பாவைத் தாங்கும் கழியைப் பிடிப்பார்கள். ஒரு முனையிலிருந்து சுருட்டிக்கொண்டே வருவார்கள். மறுமுனையில் பிடித்தவர்கள், சுருள் தங்கள் கைக்கு வரும்வரை விடக் கூடாது. விட்டால் இழுப்பு போய், ஆயிரக்கணக்கான இழை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஒரு மாதத்துச் சோறு போய்விடும்.

கடைசிக் கழியின் ஒரு பக்கத்தைப் பரிமளா பிடித்தாள். மறுபக்கத்தை யாரோ ஓடி வந்து பிடித்தார்கள். நடுவில் குனிந்து இழைகளைத் தாங்கிக்கொண்டிருந்த லாவண்யாதான் முதலில் பார்த்தாள். இடது புருவம்.

பரிமளாவும் பார்த்துவிட்டாள்.

"அம்மா, நான் வந்து..." என்றான் சின்னக்கண்ணு.

"தெரியும்."

"விட்டுடட்டுங்களா?"

"விட்டீன்னா பாவு போயிடும். புடி."

அந்த முனையில் சம்பந்தம் சுருட்டத் தொடங்கியிருந்தார். அவர் கண்ணெல்லாம் நூலில். கோர்ட்டுப் பக்கமே போகாதவர் அவர். சின்னக்கண்ணுவின் முகம் அவருக்குத் தெரியாது.

"இன்னாத்துக்கு வந்த? கேஸ வாபஸ் வாங்கச் சொல்லவா?"

"இல்லீங்கம்மா. கேஸ் நடக்கட்டும். நான் வந்தது அந்தப் படத்துக்காக. உங்க பாப்பா போடுதே, அது."

பரிமளா சுருள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்தாள்.

"எனக்கு ஒரே பொண்ணுங்க. ராதிகா. ஒம்பதாவது படிக்குது. 'டீசலான் பொண்ணு வருது, ஓடுங்கடா'ன்னு பசங்க கத்தறானுங்க. அது நடந்து போனா பின்னாலயே ஹாரன் அடிக்கிற மாதிரி வாயாலயே சத்தம் போடறானுங்க. மூணு வாரமா ஸ்கூலுக்குப் போவல. வீட்ல ஒரே பேஜாருங்க."

லாவண்யா நூலுக்கு அடியிலிருந்து சொன்னாள்: "முகத்த மாத்திடறேன். தழும்ப எடுத்துடறேன்."

"மாத்தினாலும் பேரு போவாது பாப்பா. அவன் வாரா வாரம் வருவான், எம்பொண்ணுக்கு வாரா வாரம் ஹாரன் அடிப்பானுங்க. அவன கொன்னுடு. செத்துட்டா நாலு நாள் பேசுவாங்க, அப்புறம் வேற யாரையாவது புடிச்சுகுவாங்க. வர ஞாயித்துக்கிழமையே கொன்னுடும்மா. அத கேக்கத்தான் வந்தேன்."

கழி ஒரு தரம் ஆடியது. பரிமளாவின் பக்கம்.

"நீயா கேக்கற?"

"ஆமாங்கம்மா."

பாதித் தெரு வரை சுருள் வந்திருந்தது. முதல் தூறல் லாவண்யாவின் கழுத்தில் விழுந்தது.

"நான் ஒண்ணு கேக்கறேன், நீ சொல்லு" என்றாள் பரிமளா. "இடிச்சிட்டு திரும்பிப் பாத்தியா?"

"ரெண்டு நாளா தூங்கலீங்கம்மா, கண்ணு அசந்து..."

"அத கோர்ட்டுல சொல்லிட்ட. பாத்தியா?"

"கண்ணாடியில பாத்தேன்."

"உயிர் இருந்துச்சா?"

"கை ஆடுச்சுங்கம்மா."

"எப்பிடி ஆடுச்சு?"

சின்னக்கண்ணு தன் கைகளைப் பார்த்தான். இரண்டும் கழியில் இருந்தன.

"கூப்புடற மாதிரி."

"நீ நிக்கல."

"நின்னா ஊர் சனம் அடிச்சே கொன்னுடும்னு பயந்தேன்."

 இருவரும் நூலைப் பார்த்துக்கொண்டு, சமமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சம்பந்தம் சுருட்டியபடி வந்து சேர்ந்தார். இருவர் கையிலிருந்தும் கழியை வாங்கி, பாவை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"தப்பிச்சுது. ரொம்ப நன்றிப்பா. யார் வூட்டு ஆளு நீ?"

"வழியில போறவரு" என்றாள் பரிமளா. "போவட்டும்."

அவன் போனான். மழை பிடித்துக்கொண்டது. அப்பா பாவோடு உள்ளே ஓட, அம்மா தெருவிலேயே நின்றாள்.

"கொல்லாதடி."

"நீதானேம்மா தலையில அடிச்சு..."

"அப்ப நான் கேட்டேன். இப்ப அவன் கேக்கறான். அவன் கேட்டு நாம குடுக்கணுமா? எம்புள்ள கூப்புட்டப்போ அவன் குடுத்தானா? இருக்கட்டும். வாரா வாரம் வரட்டும்."

"அந்தப் பொண்ணும்மா..."

"எனக்கும் ஒரு புள்ள இருந்தான்."

*

"அந்தப் பொண்ண எனக்குத் தெரியும், எங்க களம்பூர்தான்" என்றார் கோபிநாத், மறுநாள் கடையில். "ஒல்லியா, துப்பட்டாவால மூஞ்சிய மூடிகினு போவும். ஒரு நாள் பஸ் ஸ்டாப்புல பசங்க ஹாரன் அடிச்சானுங்க. நானும் சிரிச்சேன்மா."

லாவண்யா அவரைப் பார்த்தாள்.

"சிரிக்கிற மாதிரிதான் இருந்துது, இன்னா பண்றது" என்றார். பிறகு, "இப்ப இன்னா பண்ணப் போற?"

"கொல்லலன்னா அம்மா சாப்புடுவாங்க. ஞாயித்துக்கிழமையாவது. கொன்னா அந்தப் பொண்ணு ஸ்கூலுக்குப் போவும்."

"உங்காளு இன்னா சொல்றான்? நாடா வீரன்?"

"அண்ணன் அதுக்கு ஒண்ணும் சொல்லிட்டுப் போவல. கெட்டவனே வந்து 'என்ன கொன்னுடு'ன்னு நின்னா இன்னா பண்றதுன்னு நாங்க பேசவே இல்ல."

"நான் ஒண்ணு சொல்லட்டா? கொல்லு கொல்லுன்னு இத்தினி நாளா நான்தான் உன் உயிர எடுத்தேன். இப்ப எனக்கே வேணாம்போல இருக்குது."

"உங்களுக்கு வேணுமா வேணாமான்னு யார்ண்ணா கேட்டா?" என்றாள் லாவண்யா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு முழுவதும் யானையின் கண்ணை மூன்று தரம் தப்பாகப் போட்டாள்.

சனிக்கிழமை வரைந்தாள். சண்டை கிடையாது. டீசலான் உருண்டு வரவில்லை, நடந்து வருகிறான். தறி வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்கிறான். நாடா வீரன் தறியை நிறுத்துகிறான். அடுத்த கட்டம் முழுக்கக் கறுப்பு. அதற்கடுத்த கட்டத்தில் டீசலான் இல்லை, நாடா வீரன் மட்டும் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் கைகளை வரைய வரவில்லை. நாலு தரம் அழித்தாள். கடைசியில் கைகளைத் தறிக்கட்டைக்குப் பின்னால் மறைத்து வைத்து வரைந்தாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் போட்டுவிட்டாள். அம்மாவைக் கேட்கவில்லை.

பதினோரு மணிக்குள் எழுநூறு பேர் பார்த்தாயிற்று, பதில்கள் கொட்டின. செத்தான்டா டீசலான். வெடி போடுங்கடா. சண்டை எங்க அக்கா? ஆறு மாசம் காத்திருந்தது இதுக்கா? கறுப்பா ஒரு கட்டம் போட்டு ஏமாத்திட்டீங்க.

பிறகு கோபிநாத் போன் செய்தார்.

"களம்பூர்ல போஸ்டர் அடிச்சு ஒட்டிட்டானுங்கம்மா. கண்ணீர் அஞ்சலி. மாலை போட்டு டீசலான் படம், கீழ 'ஆழ்ந்த வருத்தத்துடன் டீசல் பங்க் நண்பர்கள்'னு. அத கொண்டுபோய் அந்த சின்னக்கண்ணு வூட்டுச் சுவத்துலயே ஒட்டியிருக்கானுங்க."

லாவண்யா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இரு, கேளு. நான் கிழிக்கலாம்னு போனேன். அந்தப் பொண்ணு வாசல்ல நின்னு படிச்சுகினு கீது. படிச்சிட்டு சிரிக்குது. 'விடுங்கண்ணா, இருக்கட்டும், செத்துட்டான்ல'ன்னு சொல்லுது. நாளைக்கு ஸ்கூலுக்குப் போவுதாம்."

"அவரு?"

"அவன் வெளியவே வரல."

*

மத்தியானம் பரிமளா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "படி" என்றாள்.

லாவண்யா படித்தாள். கறுப்புக் கட்டம் வந்தது.

"இது இன்னாடி, போன் கெட்டுடுச்சா?"

"இல்லம்மா. அதான்."

"எதான்?"

"அவன் செத்துட்டான்."

பரிமளா போனை வாங்கினாள். கறுப்பை விரலால் பெரிதாக்கினாள். பெரிதாக்கினாலும் கறுப்பாகவே இருந்தது. மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். புருவத்தைத் தேடுகிறாள் என்று லாவண்யாவுக்குத் தெரிந்தது.

"நான் வேணாம்னேனே."

"ஆமாம்மா."

"அவன் கேட்டான்னு குடுத்துட்ட."

"அவனுக்குக் குடுக்கலம்மா. அந்தப் பொண்ணுக்கு."

"யாருக்குக் குடுத்தா இன்னா. இல்லாம போயிட்டான்." போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். "திரும்பி வருவானா? சினிமாவுல வர மாதிரி?"

"வரமாட்டான்மா. நாடா வீரனும் இனிமே வரமாட்டான். கதை முடிஞ்சிது."

உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. புதுப் பாவு இழையறாமல் ஓடுகிறது என்று காலையில்தான் அப்பா சொன்னார். லாவண்யா எழுந்து போய்த் தட்டை வைத்தாள், சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். பரிமளா தட்டின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். சோற்றைத் தொட்டாள். பிசையவில்லை.

"சாப்புடும்மா."

"இரு. யாரையும் திட்டலியே இன்னும்" என்றாள் பரிமளா.