வீட்டில் வசிப்போர்: மூன்று

1.

இந்தக் கதை ஒரு வரிப் படிவத்தில் பிறந்தது. காதலில் பிறந்த கதை, மரணத்தில் பிறந்த கதை என்று எதையாவது எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே கிளம்பலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சனிக்கிழமை காலைகளில் நூலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து நம் ஆட்களுக்குப் படிவம் நிரப்பித் தருகிறேன். வருமான வரி, வாடகை உதவி, வேலை போனால் கிடைக்கும் உதவித்தொகை, எல்லாம். இந்த நாட்டு மொழி எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், தகுதி அவ்வளவுதான். காசு வாங்குவதில்லை. பெரிய தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். சனிக்கிழமையாவது யாராவது வந்து எதிரே உட்காருவார்களே என்பதும் ஒரு காரணம்.

அவர்கள் சொல்வதையெல்லாம் கதையாக்குவேன் என்று மட்டும் இதுவரை யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

2.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "லிஃப்ட் மெக்கானிக் அந்தக் கடிதத்தைப் பிரித்த கணத்தில் அவருடைய வாழ்க்கையே"

வேண்டாம். ஒரு கடிதத்தில் தலைகீழாகப் புரளும் வாழ்க்கையை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது முயற்சி: "அவர் ஏறி இறங்காத கட்டடம் இந்த ஊரில் கிடையாது, ஆனால்"

அந்த 'ஆனால்' எங்கே போகும் என்று எனக்கே தெரிந்துவிட்டது. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

சரி, நடந்ததையே சொல்கிறேன். லிஃப்ட் மெக்கானிக் வேலை முடிந்து வந்தார். கீழே தபால் பெட்டியில் அவர் பெயர், மனைவி பெயர், மகள் பெயர் என்று மூன்று பெயர்கள் ஒட்டியிருக்கும். மேலே ஓர் அறை. கட்டில், மேசை, இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர் உட்காருவார், இன்னொன்றில் மடிக்காத துணிகள். நின்றபடியே கடிதத்தைப் படித்தார்.

"உங்கள் முகவரியில் மூவர் வசிப்பதாகப் பதிவு உள்ளது. அவர்களில் இருவர் இந்த நாட்டுக்குள் வந்ததாகவே தெரியவில்லை. நேரில் வந்து விளக்கவும்."

துணிகளைக் கட்டிலில் தள்ளிவிட்டு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார்.

3.

விஷயம் இதுதான். ஏழு வருடங்களுக்கு முன் அவர் வந்து இறங்கியபோது, மனைவியும் மகளும் மூன்று மாதத்தில் பின்னால் வருவதாக ஏற்பாடு. பதிவுப் படிவத்தில் 'வீட்டில் வசிப்போர்: மூன்று' என்று முன்கூட்டியே போட்டாயிற்று. சம்பளம் போதாது என்று விசா கிடைக்கவில்லை. மறு வருடம் சம்பளம் போதும் என்றார்கள், மகளுக்குப் பரீட்சை. அதற்கடுத்த வருடம் மனைவிக்குப் பள்ளியில் பதவி உயர்வு. அதன் பிறகு பேச்சை யாரும் எடுக்கவில்லை.

வருடா வருடம் வரிக் கணக்கு போடும்போது கணினியில் ஒரு பொத்தான் வரும்: 'மாற்றம் எதுவும் இல்லை.' அவர் அதை அழுத்திவிடுவார்.

(சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். கேட்டேவிட்டேன். "மூணை ஒண்ணா மாத்தினா, அவங்க வரவே மாட்டாங்கன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்ல சார்?" என்றார். இந்த வாக்கியத்தை அவரிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.)

4.

வரி அலுவலகப் பெண் அதிகாரி. (இவர் பேசியது இந்த ஊர் மொழி. அதை அப்படியே எழுதினால் மனுஷி கல் மாதிரி தெரிகிறார். நேரில் அப்படி இல்லையாம். அதனால் தமிழ் கொடுத்திருக்கிறேன்.)

"பயப்படாதீங்க. நீங்க யாரையும் ஏமாத்தல, நீங்கதான் ஏமாந்திருக்கீங்க. மூணு பேருக்குக் குப்பை வரி, மூணு பேருக்குத் தண்ணி வரி கட்டியிருக்கீங்க. தனியா இருக்கறவங்களுக்கு வருமான வரியில சலுகை உண்டு, அதையும் வாங்கல. ஏழு வருஷம் வரைக்கும் கணக்குப் பாத்துத் திருப்பித் தந்துடுவோம்."

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. அடுத்த மாதம் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். யாரிடம் கேட்பது என்று முழித்துக்கொண்டிருந்தவர்.

அதிகாரி ஒரு தாளை நீட்டினார். ஒரே கேள்வி. 'துணையுடன் சேர்ந்து வாழாத நிலை தொடங்கிய தேதி.' கீழே கணவன் கையெழுத்து, மனைவி கையெழுத்து.

"இதுல எந்தத் தேதிங்க போடணும்?"

"அது உங்க ரெண்டு பேருக்குத்தானே தெரியும்?" என்றவர், மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "நாங்க அதைத் துருவ மாட்டோம். எவ்வளவு முன்னாடி தேதி போடறீங்களோ, அவ்வளவு கூடுதலா வரும்."

5.

மனைவியை எழுதுவதில்தான் தடுமாறுகிறேன். முதல் பிரதியில் அழவைத்தேன். அவர் கணக்கு டீச்சர். அழுததாக மெக்கானிக் சொல்லவே இல்லை. இரண்டாவது பிரதியில் பணத்தாசை பிடித்தவராக்கினேன். அது அநியாயம் என்று எனக்கே பட்டது.

ஞாயிறு மத்தியானம் மெக்கானிக் போனில் படிவத்தை வாசித்துக் காட்டினார்.

"என்னங்க இது, ஏழு வருஷமா எனக்குத் தண்ணி வரியா? அங்க ஒரு வாளி கூடப் பிடிக்கலையே நான்!" என்று சிரித்தார் டீச்சர். அவரும் சிரித்தார். கொஞ்ச நேரம் இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

"அந்தக் கேள்விய இன்னொரு தடவை படிங்க."

படித்தார்.

"எங்க அக்கா கண்ணுல பட்டா டைவர்ஸ் பேப்பர்னு நெனச்சுப்பாங்க."

"சும்மா வரிப் படிவம்டி."

"சரி, அனுப்புங்க. இவ ஃபீஸுக்கு ஆகும்."

பன்னிரண்டாம் நாள் படிவம் திரும்பி வந்தது. கையெழுத்து அழகாக இருந்தது, தேதிக் கட்டம் காலி. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'தேதி நீங்களே போட்டுடுங்க. நானும் யோசிச்சுப் பாத்தேன். எனக்கு எந்த நாள்னு தெரியல.'

6.

(அடைப்புக்குறிக்குள்ளேயே சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் சின்னதாகத் தெரியும். ஏழு வருடங்களுக்கு முன் அந்த 'மூன்று' என்பதை எழுதியவன் நான்தான். அவர் "இப்போதைக்கு ஒருத்தன்தான் சார்" என்றார். "மூணு மாசத்துல வந்துடுவாங்கல்ல, அப்புறம் எதுக்கு இன்னொரு தடவை அலையணும்?" என்று சொல்லி எழுதினேன். அவர் அதை மறந்துவிட்டார். மறந்ததுபோல் இருக்கிறார் என்றும் வைத்துக்கொள்ளலாம்.)

7.

போன சனிக்கிழமை வந்து உட்கார்ந்தார். தேதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

முதலாவது, இங்கே வந்து இறங்கிய நாள். அதைப் போட்டால் பணம் முழுசாக வரும், கல்லூரிக் கட்டணம் கட்டிவிடலாம். "ஆனா சார், அன்னைக்கு நான் முதல்முதலா சோறு வடிச்சு முடிக்கற வரைக்கும் அவ போனை வைக்கல. அதைப் போய் எப்படி..."

இரண்டாவது, விசா மறுத்த நாள். பணம் கொஞ்சம்தான் குறையும். அன்று நாலு மணி நேரம் பேசினார்களாம். அதுவும் சரிப்படவில்லை.

மூன்றாவதைச் சொல்ல நேரமெடுத்தார். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, அவருக்குக் குடல்வால் அறுவை. 'யாருக்குத் தெரிவிக்க வேண்டும்?' என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது கம்பெனி மேற்பார்வையாளரின் நம்பரைக் கொடுத்தார். மனைவி பதறுவாரே என்று வீட்டுக்குச் சொல்லவில்லை. அதே வாரம் மகள் ஸ்கூட்டரில் விழுந்து கையில் மாவுக்கட்டு. இவர் பதறுவாரே என்று மனைவியும் சொல்லவில்லை. நாலு மாதம் கழித்து, பேச்சுவாக்கில் இரண்டும் வெளியே வந்தன.

"ரெண்டு பேருக்கும் கோவமே வரல சார். 'ஓ, அப்படியா'ன்னு கேட்டுக்கிட்டோம். அதுதான் எனக்கு உறைச்சுது."

"அப்போ அந்தத் தேதிதானே உண்மை?"

"உண்மைதான். அதைப் போட்டா கட்டணத்துல பாதி கூட வராது. அதுகூடப் பரவாயில்ல, எங்கயாவது கடன் வாங்கிடலாம். படிவத்தோட நகல் அவளுக்கும் போகும் சார். அந்தத் தேதியப் பாத்தா அவளுக்குப் புரிஞ்சிடும், எனக்கும் தெரிஞ்சிருக்குன்னு."

பேனாவை என் பக்கம் தள்ளினார். "நீங்களே ஏதாவது ஒண்ணப் போட்டுடுங்க சார்."

8.

நான் போடவில்லை. இந்த மனிதரின் படிவத்தில் ஏற்கெனவே ஓர் எண்ணை எழுதிவிட்டேன், இன்னொன்றுக்குத் தைரியம் இல்லை.

கதையாவது முடியட்டும் என்று மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் படிவத்தைக் கிழிக்கிறார். மகளின் படிப்பைக் கிழிக்க நான் யார்? இன்னொன்றில் மனைவி திடீரென்று வந்து வாசலில் நிற்கிறார். அதை எழுதும்போதே என் காது சூடாகிவிட்டது. மூன்றாவதில் முதல் தேதியைப் போட்டுப் பணம் வாங்கி அவர் சந்தோஷமாக

இல்லை.

படிவத்தைக் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.

தேதி: ____________

நீங்கள் போடுங்கள். கறுப்பு மை வேண்டும். அடித்துத் திருத்தினால் செல்லாது. பணம் எந்தத் தேதிக்கு எவ்வளவு என்று சொல்லிவிட்டேன். நகல் அந்த டீச்சர் கைக்குப் போகும் என்பதை மட்டும் எழுதும்போது மறந்துவிடாதீர்கள்.