மிஜ்வலின் கூடாரத்துக்கு வழி

ஹமாத் பாலையில் சுவைலிம் வழி தப்பினான் என்றால் ஒட்டகம்கூட நம்பாது. காற்று மணலில் போட்ட வரியைக் காலால் தடவியே திசை சொல்லிவிடுகிற ஆள். இருபத்தைந்து வருடமாகச் சேர்த்த அந்தப் பெயரை அன்று மத்தியானம் அவனே மண்ணில் போட்டான்.

"மச்சான், வழி தப்பிட்டேன்."

தங்கை புருஷன் தஹ்ஹாம் சேணத்தில் தொங்கிய இரண்டு முயல்களைப் பார்த்தான், பிறகு அவனைப் பார்த்தான்.

"யாருகிட்ட கதை விடுற? முயலெல்லாம் தெக்க ஓடுது, நீ காலையிலேருந்து கிழக்கயே இழுத்துட்டுப் போற. மிஜ்வல் கூடாரம் அந்தப் பக்கந்தானே?"

சுவைலிம் ஒட்டகத்தைக் கிழக்கே தட்டிவிட்டான்.

"நீயே வழி தப்பினேன்னா நம்ம ஆளுங்க விடுவாங்களா? கல்யாணத்துக்குக் கல்யாணம் பாட்டுக் கட்டிப் பாடுவாங்கய்யா."

"பாடட்டும்."

வாலிப வயதில் ஒரு கோடை முழுக்கக் கிணற்றடியில் அவனோடு பேசிச் சிரித்தவள் வத்ஹா. பெண் கேட்டுப் பெரியவர்களை அனுப்பினான். அவளுடைய சித்தப்பா மகன் மிஜ்வல், "அவ எனக்கு" என்றான். முடிந்தது. அவர்கள் வழக்கத்தில் பெண்மேல் முதல் உரிமை சித்தப்பா மகனுக்கு; அவன் கேட்டுவிட்டால் அப்புறம் யாருக்கும் பேச்சில்லை. அந்தக் கூடாரத்துக்கு இன்னார் என்று சொல்லிக்கொண்டு போனால் கத்தி வரும். வழி தப்பியவனாகப் போனால் காபி வரும், மூன்று நாளைக்குப் பெயர்கூடக் கேட்க மாட்டார்கள். மிஜ்வல் அவன் முகத்தைப் பார்த்ததுமில்லை.

சாவதற்குள் அவள் குரலை ஒரு தடவை கேட்க வேண்டும். தன் குரலை அவள் கண்டுகொள்ள வேண்டும். அந்த இரண்டாவது ஆசையைத் தஹ்ஹாமிடம்கூட அவன் சொல்லவில்லை.

கூடாரத்தை நெருங்கியதும் மிஜ்வல் ஓடி வந்து ஒட்டகத்தைப் பிடித்தான். முயல்கள் திரைக்குப் பின்னால் பெண்கள் பக்கம் போயின. சுவைலிம் வழி தப்பிய கதையைத் திரைக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னான். உள்ளே ரொட்டி தட்டும் சத்தம் சட்டென்று நின்றது. 

அதே குரல். கொஞ்சமும் மாறவில்லை.

"ஏங்க, அந்தப் பெரியவருக்கு இன்னொரு கிண்ணம் பால் குடுங்க. பாவம், தொண்டை வறண்டு கத்துறாரு."

ரொட்டி தட்டும் சத்தம் மறுபடி தொடங்கியது. சுவைலிம் பாலைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். தஹ்ஹாம் அவன் முகத்தைப் பார்க்காமல் கூட வந்த வேட்டை நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தான்.

எவ்வளவு சொல்லியும் அவர்கள் தங்கவில்லை. மிஜ்வல் கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்து, மேற்கே கை காட்டி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் இரண்டு தடவை வழி சொன்னான். சுவைலிம் இரண்டு தடவையும் தலையாட்டினான்.