லாக்கரில் கிடக்கும் போன்

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேள்வி என்னுடையதல்ல. இருங்காட்டுக்கோட்டையில் என் பக்கத்து அறையில் குடியிருக்கும் இசக்கிசெல்வியுடையது. ஒரகடத்தில், வண்டிகளுக்கு வழிகாட்டும் ஜி.பி.எஸ். பெட்டி செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. கடலில் சுனாமி கிளம்பினால் செயற்கைக்கோள் சிக்னலில் தெரியும் என்று எங்கோ படித்துவிட்டு அவளிடம் அளந்துகொண்டிருந்தேன்.

"நான் செய்யுத பெட்டிக்கும் தெரியுமாண்ணே?"

"தெரியலாம்."

"எங்கம்மைக்கு யாரு சொல்லுவா?"

அவள் அம்மா சந்தனமாரி, தூத்துக்குடிப் பக்கம் கரையில் மீன் ஏலம் எடுத்து விற்பவர்.

"அரசாங்கம் சொல்லும்."

"மீன் கையோட அவ போன எடுக்க மாட்டா. நான் கூப்பிட்டாத்தான் எடுப்பா."

2

முதல் தொடக்கம்: வானம் நடுங்கியபோது இசக்கிசெல்வி...

வேண்டாம். வானம் நடுங்கினால் யாருக்கும் தெரியாது. அதுதான் விஷயமே.

இரண்டாவது: ஆழ்கடலில் நீர் ஒரு முழம் உயர்கிறது. மேலிருக்கும் காற்றைத் தள்ளுகிறது. உயரப் போகப்போகக் காற்று மெலிவதால் அந்த அசைவு பெருகுகிறது. விமானங்களுக்கும் வெகு மேலே, மின்துகள்கள் மிதக்கும் இடத்தில், வானமே ஊஞ்சல் போல ஆடுகிறது. அதைக் கடந்து வரும் செயற்கைக்கோள் சிக்னல் துளியளவு தாமதமாகிறது. ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒன்றுகூடத் தேறாத தாமதம்.

நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை. ஆனாலும் இதை எழுதிவிட்டு மொட்டைமாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

[அடிக்குறிப்பு: ஒரு பெட்டியால் இது முடியாது. நல்ல கருவிகள் பலவும், அவற்றின் கணக்கைப் பார்க்கக் கணினிகளும் வேண்டும். கதைக்காகக் கம்பெனிக் கூரையில் ஓர் ஆன்டெனா வைத்து, பெட்டிக்குக் கூர்மையான காதும் கொடுத்திருக்கிறேன். கண்டுகொள்ளாதீர்கள்.]

3

காலை ஷிப்ட். சோதனை மேசையில் இசக்கிசெல்வியின் ட்ரே முழுக்கச் சிவப்பு விளக்கு, எந்தப் பெட்டியிலும் சிக்னல் சரியில்லை. சூப்பர்வைசர் ரகுபதி வந்தார்.

"இன்னாம்மா, மொத்தமும் ரிஜெக்டா?"

"பெட்டி நல்லாத்தான் இருக்கு சார். வானத்துலதான் என்னமோ..."

"ஓரமா வச்சிட்டு அடுத்தத போடு. லைன் நின்னுகினு கீது."

ரகுபதியை வில்லனாக்கப் பார்த்தேன், வரவில்லை. லைன் நின்றால் அவரைக் கேட்கவும் மேலே ஆள் இருக்கிறது.

இதுவரை எழுதியதை இசக்கிசெல்வியிடம் வாசித்துக் காட்டினேன்.

"நான் அம்மைக்குப் போன் போட்டனா?"

"இன்னும் இல்ல."

"எப்படிப் போடுவேன்? போன் லாக்கர்ல கெடக்கும். லைன விட்டு எந்திரிச்சா, நாளைக்கு வராதன்னு கான்ட்ராக்டர் சொல்லிருவான்."

4

முடிவு ஒன்று: அவள் லாக்கருக்கு ஓடுகிறாள். அம்மா மேட்டுக்கு ஏறிவிடுகிறார். அலை கரைவரை வரவில்லை. வேலை போகிறது.

முடிவு இரண்டு: அவள் உட்கார்ந்தே இருக்கிறாள். அலை...

இதை நான் எழுதமாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

எனவே கதையை இங்கே நிறுத்தி வைத்திருக்கிறேன். லைனில் பேச வேண்டுமென்றால் கை தூக்க வேண்டும், அவள் தூக்கியிருக்கிறாள். ரகுபதி இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை. கரையில் ஏலம் நடக்கிறது. சந்தனமாரி கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். வானம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது.

உங்கள் போன் பக்கத்தில்தானே இருக்கிறது? சந்தனமாரியின் எண் தருகிறேன். தெரியாத எண் என்று முதலில் எடுக்கமாட்டார், விடாமல் அடியுங்கள். எடுத்ததும் சுனாமி என்று ஆரம்பிக்காதீர்கள்.

இசக்கி பேசச் சொன்னாள் என்று ஆரம்பியுங்கள்.