அசையாத மவுஸ்

முருகவேலுக்குத் தன் நிழல் மேலேயே சந்தேகம். திருவண்ணாமலையில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறான். டிசைன் போட இரண்டே பேர், அன்பரசனும் த்ரிசலாவும். அவர்கள் தலைக்கு மேலே ஒரு கேமரா. வேங்கிக்கால் வீட்டில் சோறு தின்னும்போதுகூடப் போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். கேமராவில் திரை தெரியாது, கைதான் தெரியும். கை ஓடினால் வேலை ஓடுகிறது என்பது அவன் கணக்கு.

ஐப்பசிக் கடைசியில் அந்தக் கணக்கு உதைத்தது. அன்பரசனின் கை மவுஸைப் பிடித்துக்கொண்டு மேசையெல்லாம் சுற்றியது. த்ரிசலாவின் கை வைத்தது வைத்தபடி கிடந்தது.

நேரில் போய்ப் பார்த்தான். மவுஸ் இருந்த இடத்தில் தடித்த கறுப்புச் சாமான் ஒன்று, அதன் பக்கவாட்டில் நெல்லிக்காய் அளவுக்கு நீல உருண்டை. த்ரிசலா கட்டைவிரலால் உருண்டையை உருட்ட, திரையில் அம்புக்குறி ஓடியது. டிராக்பால் என்றாள். சொந்தக் காசில் வாங்கினாளாம். மவுஸ் மாதிரி இழுக்க வேண்டாம், இடமும் கம்மி என்றாள். அன்பரசன் ஒருமுறை உருட்டிப் பார்த்து, எழுத்தைப் பிடிக்கப் போனால் அம்புக்குறி எங்கேயோ ஓடுகிறது, எனக்கு மவுஸே போதும் என்று ஒதுங்கிக்கொண்டான்.

கடை வேலைக்கு எவளாவது சொந்தக் காசைப் போடுவாளா? போதாததற்குச் சாயங்காலமானால் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு போகிறாள். அந்தச் சாமானுக்குள் கடை டிசைன்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு, போட்டிக்கு நிற்கும் சன்னதித் தெரு பேனர் கடைக்குத் தாவப் போகிறாள் என்று முடிவே கட்டிவிட்டான். தீபத்துக்கு அன்னதான பேனர்கள் வந்து குவியும் நேரம். அவள் வேகத்துக்கு ஊரில் வேறு ஆள் கிடையாது. அவள் போனால் சீசனே போச்சு. அந்தப் பயத்தில் அவனுக்குத் தூக்கம் வரவில்லை.

அன்பரசன் லீவு போட்ட ஒருநாள், த்ரிசலா சாப்பிடப் போயிருந்தாள். கோயிலிலிருந்து நேராகக் கடைக்கு வந்த முருகவேல், அந்தச் சாமானைக் கவிழ்த்து அடியில் இருந்த ஓட்டையில் பேனாவால் குத்தினான். உருண்டை கையில் வந்து விழுந்தது. உள்ளே சின்னச் சின்னதாக மூன்று வெள்ளைப் புள்ளிகள், வேறொன்றும் இல்லை. உருண்டையை விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்தி வைத்தான்.

த்ரிசலா வந்து உட்கார்ந்தாள். அம்புக்குறி திக்கித் திக்கிக் குதித்தது. உருண்டையைக் கழற்றித் துணியால் துடைத்தாள். துணியெல்லாம் விபூதி. அவன் விரல்களைப் பார்த்தாள்.

"உள்ள என்னண்ணா தேடினீங்க?"

மழுப்பியிருக்கலாம். மாட்டிக்கொண்ட ஆத்திரத்தில் கொட்டிவிட்டான். "உன் கை அசையவே மாட்டேங்குது. தினமும் வேற இதைத் தூக்கிட்டுப் போற. நம்ம டிசைனை எடுத்துட்டுப் போறியோன்னுதான்."

அவள் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலாம். சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினாள். மணிக்கட்டு முழுக்க வலிக்குப் போடும் பட்டை சுற்றியிருந்தது.

"மவுஸை இழுத்து இழுத்துதான் இப்படி ஆச்சு. மவுஸை விடு, இல்லனா வேலைய விட்டுடுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வேலைய விட மனசு வரல, இதை வாங்கினேன். உங்ககிட்ட சொன்னா, கை போனவ எதுக்குன்னு நிறுத்திடுவீங்களோன்னு பயம். வீட்ல தம்பி படிப்புக்கு ராத்திரி வெளி டிசைன் ரெண்டு செய்யறேன், அதான் எடுத்துட்டுப் போறேன்."

முருகவேலுக்கு வெட்கம் ஒரு பக்கம், அப்பாடா என்ற நிம்மதி ஒரு பக்கம். சன்னதித் தெருவுக்கு இவள் போகவில்லை, அது போதும் என்று நினைத்தான்.

"சன்னதித் தெரு கடையில ரெண்டு தடவை கூப்பிட்டாங்கண்ணா," என்றாள் த்ரிசலா. "வரலைன்னு சொல்லிட்டேன். இன்னிக்குப் போய், இன்னும் ஆள் வேணுமானு கேக்கப்போறேன்."

போகாதம்மா, தப்பு என்னுடையது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அன்னதான பேனர் முடிஞ்சுதா என்றுதான் கேட்க வந்தது. முடிஞ்சுது என்று சொல்லிவிட்டு, டிராக்பாலைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் படியிறங்கினாள்.